நிற்கிறவர் சிரிக்க வேண்டுமாம்!

எந்த ஊர் வங்கிக்குப் போனாலும், பெரிய ஜவுளிக்கடைக்குப் போனாலும் கண்ணாடி ஃபிரேம் போட்ட ஒரு வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர் எவ்வளவு பெரியவர், அவர் இல்லாவிட்டால் நாமெல்லாம் இல்லை என்கிற மாதிரி நாலைந்து வரிகள். அடியில் மகாத்மா காந்தி என்று பெயர். காந்தியின் எழுத்துகள் நூறு தொகுதிகளாக வந்திருக்கின்றன. இந்த வாசகம் அவருடையதுதான் என்பதற்கு அவற்றில் ஆதாரம் இல்லை என்று தேடிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதை விடுங்கள், யார் சொன்னால் என்ன? எனக்கு வேறொரு சந்தேகம். வாடிக்கையாளரைப் பற்றி இவ்வளவு உருகி எழுதி மாட்டுகிற கடைகளில், அந்தக் கண்ணாடிக்குக் கீழே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பெண்ணைப் பற்றி ஒரு வரியாவது எங்கேயாவது மாட்டியிருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை.

சொல்ல வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் பெயர் மக்கள் மனதில் நிற்பது லோகோவாலும் இல்லை, டிவி விளம்பரத்தில் வரும் நடிகையாலும் இல்லை. அந்தக் கம்பெனியில் குறைந்த சம்பளம் வாங்குகிறவர் நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதால் நிற்கிறது. அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதோ, கம்பெனி அவரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தது. இவ்வளவுதான். ஆனால் இந்த எளிய விஷயத்தை மறைக்கத்தான் விளம்பரம், 'கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ்', அந்த காந்தி வாசகம் எல்லாமே பயன்படுகின்றன.

எங்கள் திண்ணனூர் நாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொல்லிமலையில் மிளகு வாங்க கீழ்நாட்டிலிருந்து வியாபாரிகள் வருவார்கள். எந்த மண்டிக்காக வாங்குகிறார்கள், அந்த மண்டியின் முதலாளி யார், இதெல்லாம் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது தராசு பிடிக்கிற ஆள் மட்டும்தான். அவன் மூட்டைக்கு எவ்வளவு கழிவு பிடிக்கிறான், ஈரம் இருக்கிறது என்று சொல்லி எவ்வளவு குறைக்கிறான், முள் நிற்கும் முன்னால் கையை எடுக்கிறானா, இல்லை நின்ற பிறகு எடுக்கிறானா... எங்கள் ஆட்கள் பார்ப்பது இதைத்தான். "அந்தக் கட்டையான தம்பி வந்தா குடுங்க, இன்னொருத்தன் வந்தா அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார் என் தாத்தா. மார்க்கெட்டிங் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் பிராண்ட் லாயல்டி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கட்டையான தம்பி நல்லவன், மற்றவன் கெட்டவன் என்று நாங்கள் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் தெரிந்தது, முதலாமவனுக்கு மாதச் சம்பளம். இரண்டாமவனுக்கு சம்பளம் கிடையாது, மூட்டைக்கு எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறானோ அதில்தான் அவன் கூலி. குணத்தில் இருந்த வித்தியாசத்தை விட அவர்களை வேலைக்கு வைத்தவர் போட்ட ஏற்பாட்டில் இருந்த வித்தியாசம் பெரியது. ஏமாற்றினால்தான் சாப்பாடு என்று ஒருவனை நிறுத்திவிட்டு, அவன் ஏமாற்றினால் அவனைத் திட்டுவது என்ன நியாயம்?

இதே கதை உலகத்தின் பெரிய வங்கி ஒன்றில் நடந்தது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ. ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டு கணக்குகள் அல்லது திட்டங்களைக் கட்ட வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்தது. ஏன் எட்டு? ஆங்கிலத்தில் 'கிரேட்' என்பதோடு 'எயிட்' எதுகையாக வருகிறதாம்! கிளையில் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு தினமும் நெருக்கடி. இலக்கை முடிக்காவிட்டால் வேலை போகும். அவர்கள் என்ன செய்தார்கள்? வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கு திறந்தார்கள். லட்சக்கணக்கான போலிக் கணக்குகள். 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியிருந்ததாக வங்கியே சொன்னது. கவனியுங்கள், முதலில் போனது கவுண்டர் ஆட்களின் வேலை. தலைவர் ராஜினாமா செய்தது அதற்குப் பிறகு, அக்டோபரில். 2020ல் அதே விவகாரத்துக்காக இன்னும் 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மூட்டைக்கு மிச்சம் பிடிக்கச் சொன்னவர் கடைசி வரை மேலே உட்கார்ந்திருப்பார், தராசு பிடித்தவன்தான் முதலில் அடி வாங்குவான்.

அமெரிக்கா தூரம் என்றால் பக்கத்து ஆந்திராவைப் பாருங்கள். குழுக்கடன் கொடுக்கும் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் 2010 ஆகஸ்டில் பங்குச்சந்தைக்கு வந்தது. ஏழைகளுக்குக் கடன் கொடுத்தே இவ்வளவு பெரிய கம்பெனியா என்று பத்திரிகைகள் எல்லாம் பாராட்டின. இரண்டே மாதத்தில், அக்டோபரில், ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. அந்தத் துறையே வேக வேகமாக வளரப் பார்த்ததில், வசூலுக்கு வீட்டு வாசலில் வந்து நின்ற பையன்கள் மீது இலக்கு ஏறியது. அவர்கள் கடன் வாங்கிய பெண்கள் மீது ஏறினார்கள். கடன் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. அதன் பிறகு ஆந்திராவில் அந்தக் கம்பெனிகளின் வசூல் சரிந்து விழுந்தது. அந்தப் பெண்களுக்கு பங்குச்சந்தையும் தெரியாது, நிறுவனரின் நல்ல நோக்கமும் தெரியாது. வாரா வாரம் வாசலில் நின்றவன் முகம்தான் அவர்களுக்குக் கம்பெனி. அந்த முகத்தை வெறுத்த நாளில் கம்பெனியை வெறுத்தார்கள். தமிழ்நாடும் 2025ல் கடன் கம்பெனிகளின் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது என்றால், நோய் இன்னும் தீரவில்லை என்றுதானே அர்த்தம்?

சரி, குறையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? நல்லபடியாக நடந்த இடங்களையும் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் சங்கடமான உதாரணம். சரவண பவன். 1981ல் சென்னை கே.கே. நகரில் பி. ராஜகோபால் ஆரம்பித்தது. 2001ல் நடந்த பிரின்ஸ் சாந்தகுமார் கொலை வழக்கில் அவருக்கு ஆயுள் தண்டனை. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே வருடம் ஜூலையில் அவர் இறந்துபோனார். ஒரு கடையின் முதலாளி கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானால், பாடப்புத்தகப்படி அந்த பிராண்ட் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. வழக்கு நடந்த அத்தனை வருடமும் கூட்டம் வந்தது, வெளிநாடுகளிலும் கிளைகள் திறந்தார்கள்.

ஏன்? மக்களுக்கு மறதி அதிகம் என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாப்பிடப் போகிறவருக்கு சரவண பவன் என்றால் சாம்பார் வாளியோடு வருகிறவர்தான். அந்த ஆட்களுக்கு தங்குமிடம், மருத்துவ உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி என்று மற்ற ஓட்டல்கள் யோசிக்காத காலத்திலேயே அங்கே கொடுத்தார்கள். ஓட்டல் தொழிலில் ஆள் நிற்பதே அபூர்வம் என்கிற ஊரில் அங்கே ஆட்கள் வருடக்கணக்கில் நின்றார்கள். முதலாளி செய்த குற்றம் குற்றம்தான், தொழிலாளியை நன்றாக வைத்திருந்தார் என்பதால் ஓர் உயிர் போனது சரியாகிவிடாது. நான் சொல்வது வேறு: முதலாளியின் பெயர் நாறிய பிறகும் கடையின் பெயரைத் தூக்கி நிறுத்தியது இலை போட்ட கைகள்தான். அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்கள் அவர்கள். அது யாருடைய சொத்து என்று ஒரு நாளாவது யாராவது கணக்குப் போட்டோமா?

அடுத்து மும்பை தாஜ் ஓட்டல். 2008 நவம்பர் 26 இரவு துப்பாக்கிகளோடு தீவிரவாதிகள் உள்ளே நுழைந்தார்கள். ஊழியர்களுக்குப் பின்பக்க வழிகள் எல்லாம் தெரியும், ஓடியிருக்கலாம். பலர் ஓடவில்லை. விருந்தினர்களை சுற்றி நின்று மறைத்து வெளியே அனுப்பினார்கள். அந்தத் தாக்குதலில் தாஜ் ஊழியர்கள் 11 பேர் வரை இறந்தார்கள். ஹார்வர்டிலிருந்து வந்து இதை ஆராய்ந்தவர்கள் 2011ல் எழுதியதில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, தாஜ் தன் ஆட்களை பெருநகரத்துப் பெரிய கல்லூரிகளில் மட்டும் தேடுவதில்லை, சிறு ஊர்ப் பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களைக் கேட்டு எடுக்கிறது. இரண்டு, மற்ற ஓட்டல்கள் ஒரு வருடம் பயிற்சி கொடுத்தால் இவர்கள் ஒன்றரை வருடம் கொடுக்கிறார்கள். அதில் சொல்லிக்கொடுப்பது, கம்பெனி சார்பாக விருந்தினரிடம் பேசாதே, விருந்தினர் சார்பாக கம்பெனியிடம் பேசு என்பது. அன்றைய இரவு மேலதிகாரியிடம் கேட்டு முடிவெடுக்க நேரமில்லை. தானே முடிவெடுக்கலாம் என்று பல வருடமாகப் பழகியவர்கள்தான் அன்றும் முடிவெடுத்தார்கள். 'சூப்பர்வைசரைக் கேட்டுட்டு வரேன் சார்' என்று மட்டுமே சொல்லப் பழக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தாஜ் பணக்காரர்கள் தங்குகிற இடம், நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அப்படியானால் மதுரைக்கு வாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். இன்று வருடத்துக்கு லட்சக்கணக்கில் அறுவை சிகிச்சை நடக்கிறது. பணம் கட்டுகிறவர் கொடுக்கிற காசில் கட்ட முடியாதவருக்கும் பார்வை கிடைக்கிறது. இதற்கு முதுகெலும்பு யார்? கிராமத்திலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வரும் பெண்கள். அவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல் இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பரிசோதனையிலிருந்து அறுவை அறை வரைக்கும் அவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். டாக்டர் அறுவையை மட்டும் கவனித்தால் போதும், மற்றதை எல்லாம் இந்தப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கண்ணில் கட்டோடு பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற ஒரு பாட்டியிடம், அவள் பேச்சிலேயே "பயப்படாதீங்க பாட்டி" என்று சொல்ல அவள் ஊர்ப் பெண்ணால்தான் முடியும். எந்த விளம்பர ஏஜென்சியால் அதைச் செய்ய முடியும்?

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா மகள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு கீழே ஒரு நகரத்தில் பெரிய ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். எந்தக் கடை என்பது முக்கியமில்லை, அப்படி நூறு கடை இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு கவுண்டரில் நிற்க வேண்டும். இரவு கடை மூடி, கலைத்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கி ஹாஸ்டல் போக பத்தரை ஆகும். நடுவில் உட்கார இடம் கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் கிடையாது. அலமாரியில் சாய்ந்தால் சூப்பர்வைசர் கேமராவில் பார்த்து ஃபைன் போடுவார். ஆடிப்பெருக்கு சமயத்தில் எங்கள் மலையே ஓரி விழாவுக்குக் கூடி இருக்கும். அவளுக்கு லீவு கிடையாது, ஆடித் தள்ளுபடிக் கூட்டம். மூன்றாவது வருடம் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

"சிரிக்கணும்டா, அதுதான் ரொம்பக் கஷ்டம்" என்றாள். "கால் வலிக்கறத விட அதுதான்." வாடிக்கையாளர் திரும்பிப் போகும் போது முகத்தில் சிரிப்பு இல்லையென்றால் அதற்கும் கேள்வி வருமாம். நாற்பது சேலை பார்த்துவிட்டு வாங்காமல் போனால், ஏன் போனார்கள் என்று இவளைத்தான் கேட்பார்களாம்.

ரங்கநாதன் தெருவின் இந்த வாழ்க்கையை வசந்தபாலன் 'அங்காடித் தெரு' படத்தில் 2010ல் காட்டினார். எல்லாரும் தியேட்டரில் அழுதோம். அழுதுவிட்டு அடுத்த தீபாவளிக்கு அதே மாதிரி கடைக்குத்தான் போனோம்.

இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான பெரிய கேள்வி வருகிறது. நண்பன் ஒருவன் நேராகவே கேட்டான்: "நீ சொல்றபடி பாத்தா அந்தக் கடையெல்லாம் எப்பவோ மூடியிருக்கணுமே? கூட்டம் குறையவே இல்லையே? ஸ்டாஃபை எப்படி நடத்தினா கஸ்டமருக்கு என்ன?" நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் நழுவினால் இந்தக் கட்டுரையே பொய்.

என் பதில் இரண்டு. முதலாவது, அந்தக் கடைகளோடு நமக்கு இருப்பது உறவே இல்லை, விலை மட்டும்தான். பக்கத்துக் கடையில் மீட்டருக்கு ஐந்து ரூபாய் குறைந்தால் நாம் அங்கே போய்விடுவோம். அது கடைக்காரருக்கும் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் நடிகர்களுக்கும் தள்ளுபடிக்கும் கொட்டிக் கொட்டி நம்மைத் திரும்பத் திரும்ப விலைக்கு வாங்குகிறார்கள். தராசு பிடித்த அந்தக் கட்டையான தம்பிக்காக எங்கள் தாத்தா ஒரு வாரம் காத்திருந்தாரே, அப்படி எந்த ஜவுளிக்கடைக்காகவாவது யாராவது காத்திருப்போமா?

இரண்டாவது பதில்தான் முக்கியம். கூட்டம் குறையாவிட்டால்தான் என்ன? ஊழியரை மனிதராக நடத்துவதற்கு லாபம் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டது யார்? மேனேஜ்மென்ட் புத்தகங்கள் எல்லாம் இங்கேதான் வழுக்கி விழுகின்றன. ஊழியரைச் சந்தோஷமாக வை, வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார், விற்பனை ஏறும் என்று சொல்லித் தருகிறார்கள். அப்படியானால் விற்பனை ஏறாத இடத்தில் அவளை நிற்க வைக்கலாமா? நல்ல கம்பெனிகளின் கதையை இவ்வளவு நேரம் சொன்னேன் என்பதற்காக, நன்மைக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் அக்கா உட்கார வேண்டும், ஏனென்றால் அவளுக்குக் கால் வலிக்கிறது. அதற்கு மேல் காரணம் தேவையில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் முதலாளிகளும் இல்லை, நம்மைப் போன்ற வாடிக்கையாளர்களும் இல்லை. நின்றவர்களேதான் புரிந்துகொண்டார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண்ணும் அவர் தோழிகளும் 'பெண்கூட்டு' என்று சேர்ந்து முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்கார இடம் கேட்டார்கள். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. யோசித்துப் பாருங்கள், ஒருவர் உட்கார்வதற்கு சட்டசபை கூட வேண்டியிருக்கிறது!

சட்டம் வந்த பிறகு என்ன ஆயிற்று? அக்காவோடு வேலை செய்த பெண்கள் சொன்னது: ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வாயால் எதுவும் சொல்வதில்லை, ஒரு பார்வை பார்ப்பார். அடுத்த மாதம் இன்சென்டிவ் குறையும். ஸ்டூல் இப்போது அட்டைப்பெட்டி வைக்கப் பயன்படுகிறது. 'கம்பெனி கல்ச்சர்' என்று பெரிய வார்த்தை சொல்கிறார்களே, அது அந்தப் பார்வையில்தான் இருக்கிறது. சட்டம் ஸ்டூலைக் கொண்டுவரும். அந்தப் பார்வையை மாற்ற முதலாளியால் முடியும். அவர் மாற்றாவிட்டால் காசு கொடுக்கிற நம்மால் முடியும்.

நம்மையும் விட்டுவிட எனக்கு மனமில்லை. 'கஸ்டமர்தான் ராஜா' என்று நம்மிடம் சொல்லிச் சொல்லி நாமும் நம்பிவிட்டோம். ராஜா என்றால் எதிரில் எல்லாரும் நின்றுதானே ஆக வேண்டும்? கவுண்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் 'என்ன மரியாதை இல்லாம உக்காந்திருக்கு' என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில்தான் இருக்கிறார்கள். சேவை பிடிக்கவில்லை என்று ஒரு ஸ்டார் போட்டுவிட்டு வருகிறோமே, அந்த ஸ்டார் முதலாளி சம்பளத்திலா கழிகிறது?

நான் யாரையும் கடையைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. மலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருஷத்துக்கு ஒரு தடவை துணி எடுக்கிறவர்களிடம் விலையைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் காசு செலவில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இருக்கிறதா? அதன் மேல் அட்டைப்பெட்டி இருக்கிறதா? இருந்தால் "நீங்க உக்காந்தே காட்டுங்கக்கா, நாங்க எடுத்துப் பாத்துக்கறோம்" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லுங்கள். பில் போடும் இடத்தில் மேனேஜரிடம், இங்கே வேலை செய்கிறவர்கள் உட்கார்வதில்லையா என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். ஒரே நாளில் இருபது பேர் கேட்டால் அந்த அட்டைப்பெட்டி இறங்கும்.

போன மாதம் நாங்கள் துணி எடுக்கப் போனபோது அக்காவும் வந்தாள். சேலை காட்டிய பெண்ணிடம் அவள்தான் முதலில் இதைச் சொன்னாள். அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உட்காரவில்லை. ஆனால் பெட்டியை மட்டும் இறக்கி வைத்தாள்.